ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்துவிட்டால் போதுமா?

மனநல ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்களின் முதல் வரைவுகளைப் படிப்பது என் வேலையில் ஒரு பகுதி. அந்த வயதில் நாங்களெல்லாம் செய்த தவறுகள்தான், பெரும்பாலும் அதே இடத்தில், முடிவுகள் பகுதியின் இரண்டாம் பத்தியில் வந்து உட்கார்ந்திருக்கும். ஆண்களை மட்டும் சேர்த்துக்கொண்டு ஆய்வு செய்யக்கூடாது என்பதெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

'பெண்களுக்குப் பலன் இருந்தது, ஆண்களுக்கு இல்லை'

இந்த வாக்கியத்தைப் பார்த்தாலே எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. ஓர் இளம் ஆய்வாளர் மனச்சோர்வுக்கான பேச்சு சிகிச்சை பற்றிய வரைவைக் கொண்டுவந்தார். தலைப்பிலேயே 'பெண்களுக்கு மட்டும் பலன்' என்று போட்டாயிற்று. அட்டவணையைத் திறந்தால், ஒப்பீட்டுக் குழுவைவிடப் பெண்களுக்கு மனச்சோர்வு மதிப்பெண் 4 புள்ளி குறைந்திருக்கிறது, ஸ்டாண்டர்ட் எரர் (அந்த மதிப்பீடு எவ்வளவு தடுமாறலாம் என்பதன் அளவு) 1.8, பி மதிப்பு 0.03 (இது 0.05-க்குக் கீழே இருந்தால்தான் பலன் உண்டு என்று எழுதுவது வழக்கம்). ஆண்களுக்கு 3 புள்ளி, எரர் 1.9, பி மதிப்பு 0.11. சரி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டேன். அதை அவர் கணக்கிடவே இல்லை. உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம்: வித்தியாசம் 1 புள்ளி, அதன் எரர் 2.6, பி மதிப்பு 0.7. நம்பக எல்லை (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வரம்பு) மைனஸ் 4-இல் தொடங்கி பிளஸ் 6-க்கு மேல் போகிறது, அதாவது ஆண்களுக்குத்தான் கூடுதல் பலன் என்றாலும்கூட இந்தத் தரவு மறுக்காது.

பாஸ் மார்க் 40 என்றால், 41 எடுத்தவன் புத்திசாலி, 39 எடுத்தவன் முட்டாள் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன பெரிய வேறுபாடு? ஆனால் இது புதியவர்கள் மட்டும் செய்கிற தவறும் இல்லை. 2011-ல் வெளியான ஓர் அலசலில், முன்னணி இதழ்களில் வந்த 513 நரம்பியல் கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்தார்கள். இந்த மாதிரி ஒப்பீடு வந்த 157 கட்டுரைகளில் சரிபாதி, 79-ல், இதே தவறு இருந்தது.

இதன் விலை கட்டுரையோடு முடிவதில்லை என்பதுதான் கோபத்துக்குக் காரணம். அடுத்த நிதி விண்ணப்பம் அந்த வாக்கியத்தின் மேல் எழுதப்படும், அடுத்த ஆய்வில் ஆண்களைச் சேர்க்க மாட்டார்கள், அப்புறம் யாராவது 'ஆண்களுக்கு இது உதவாது' என்று மேற்கோள் காட்டுவார்கள். யாருமே சோதித்துப் பார்க்காத ஒன்று நாலு வருடத்தில் ஊரறிந்த உண்மையாகிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். இருபாலரையும் ஒரே மாடலில் வைத்து, சிகிச்சைக்கும் பாலுக்கும் இடையிலான இன்டராக்ஷனை, அதாவது சிகிச்சையின் பலன் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து மாறுகிறதா என்பதைச் சோதியுங்கள். வித்தியாசத்தை நம்பக எல்லையோடு எழுதுங்கள். இதைச் செய்யப்போகிறோம் என்பதைத் தரவு கைக்கு வரும் முன்பே திட்டத்தில் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, மொத்த விளைவு எவ்வளவு பெரியதோ அதே அளவுள்ள இன்டராக்ஷனைப் பிடிக்கவே மாதிரி அளவு ஏறக்குறைய 4 மடங்கு வேண்டும். அவ்வளவு பேர் இல்லையா, 'எங்கள் மாதிரியைக் கொண்டு இதைச் சொல்ல முடியாது' என்று எழுதுங்கள். இன்டராக்ஷன் தென்படவில்லை என்றதும் 'ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடே இல்லை' என்று எழுதுவதும் இதே குட்டையில் ஊறிய மட்டைதான்.

'பாலைக் கட்டுப்படுத்திவிட்டோம்'

ஆணா பெண்ணா என்பதை கோவேரியேட்டாக, அதாவது கணக்கில் சரிக்கட்டிவிடும் கூடுதல் மாறியாக மட்டும் போட்டால் வேறுபாடு ஆராயப்படுவதில்லை, மறைகிறது.

எதற்கெடுத்தாலும் ஹார்மோன்

உடல்சார்ந்த காரணம் உண்மையிலேயே இருக்கிற இடங்கள் உண்டு. தூக்க மருந்தான சோல்பிடெம் பெண்களின் உடலிலிருந்து மெதுவாக வெளியேறுவதால், 2013-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அவர்களுக்கான தொடக்க அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது. அங்கே ரத்தத்தில் மருந்தின் அளவை அளந்து பார்த்திருந்தார்கள். நீங்கள் அளந்தீர்களா? பெண்களிடம் மனச்சோர்வு ஏறத்தாழ இரு மடங்கு என்றால் வன்முறை, பராமரிப்புச் சுமை, வருமானம், உதவி கேட்டு வருகிற பழக்கம் எல்லாமே அதற்குள் இருக்கலாம். இவற்றில் எதையும் கேட்காமல், ஹார்மோனையும் அளக்காமல், முடிவுரையில் மட்டும் 'ஈஸ்ட்ரோஜென் காரணமாக இருக்கலாம்' என்று எழுதுவது வெறும் ஊகம். அளக்க வேண்டியதையும் விட்டுவிடுகிறார்கள்: ஈஸ்ட்ரோஜென் உள்ள கருத்தடை மாத்திரை ரத்தத்தில் லாமோட்ரிஜின் என்ற பைபோலார் (இருதுருவ மனநோய்) மருந்தின் அளவைக் குறைக்கும், ஆனால் பைபோலார் ஆய்வுகளின் படிவங்களில் மாத்திரை பற்றிய கேள்வியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வித்தாளை அப்படியே நம்புவது

'வழக்கத்தைவிட அதிகம் அழுகிறேன்' என்ற கேள்விக்கு, அதே அளவு மனச்சோர்வுள்ள ஆண் பெண்ணைவிடக் குறைவாகவே ஆம் என்பார். எரிச்சல், குடி, ஆபத்தை நோக்கி ஓடுவது போன்றவற்றைப் பல அளவுகோல்கள் கேட்பதே இல்லை. பெரும்பாலான நாடுகளில் தற்கொலையால் இறப்பவர்களில் ஆண்களே அதிகம் என்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள். மொத்த மதிப்பெண்ணை ஒப்பிடும் முன் ஒவ்வொரு கேள்வியும் இருபாலரிடமும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

பெண் எலிகளுக்குச் சுழற்சி உண்டு, ஆகவே வேண்டாம்

விலங்கு ஆய்வுகளில் சொல்லப்படும் சாக்கு இது. 2014-லேயே தொகுத்துப் பார்த்துவிட்டார்கள். ஆண் எலிகளின் தரவைவிடப் பெண் எலிகளின் தரவு அதிகம் அலைபாய்வதில்லை.

'ஆண், பெண், மற்றவை'

ஒரே கேள்வியில் எல்லாவற்றையும் அடைக்காதீர்கள். பிறந்தபோது பதிவான பால் ஒரு கேள்வி, இப்போது தன்னை எப்படி அடையாளப்படுத்துகிறார் என்பது இன்னொரு கேள்வி. சொல்ல விருப்பமில்லை என்பதற்கும் இரண்டிலும் இடம் இருக்கட்டும். எண்ணிக்கை குறைவாக இருப்பதால் திருநர்களைத் தனியாக அலச முடியாமல் போகலாம். அதற்காகச் சத்தமில்லாமல் நீக்கிவிடாதீர்கள். எத்தனை பேரை, எதற்காக நீக்கினீர்கள் என்பது முறைகள் பகுதியிலேயே இருக்க வேண்டும், அடிக்குறிப்பில் இல்லை.