கட்டைவிரல் மூட்டுத் தேய்மானம்: ஆபரேஷன் முடிவில் சறுக்கும் இடங்கள்

பாதத்தில் தேய்மானம் அதிகம் வரும் இடம் கால் கட்டைவிரலின் அடிமூட்டுதான். மருத்துவர்கள் இதை ஹாலக்ஸ் ரிஜிடஸ் என்பார்கள். நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழும் ஒவ்வொரு முறையும் அந்த மூட்டு மேல்நோக்கி மடங்கியாக வேண்டும். குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டின் மேல்விளிம்பில் எலும்பு முளைத்துவிட்டால், அடியில் கல் சிக்கிய கதவு மாதிரி விரல் பாதியில் நின்றுவிடும். வலி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்த நிலையில் எல்லோரும் கேட்பது, “ஆபரேஷன் பண்ணலாமா, வேண்டாமா?” கேள்வியே பாதிதான். இந்த மூட்டுக்கு ஒரே ஒரு ஆபரேஷன் இல்லை. ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று அசைவை மீட்கப் பார்க்கிறது, மற்றது அசைவையே நிறுத்திவிடுகிறது. எந்த வலிக்கு எது என்று தெரியாமல் முடிவெடுப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

அதற்கும் முன்னால், வலி தேய்மானத்தால்தான் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ராத்திரி படுக்கும்போது ஒன்றுமில்லை, விடிகாலையில் மூட்டு சிவந்து, தொட முடியாமல் கொதிக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது யூரிக் ஆசிட் படிவதால் வரும் கவுட். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட் அளவு சாதாரணமாகக்கூட இருக்கலாம். அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து கவுட் இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. கட்டைவிரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்து, உள்பக்கம் எலும்பு புடைப்பது வேறு பிரச்சினை, அதற்கான ஆபரேஷனும் வேறு.

அடுத்தது செருப்பு. கால் வலி என்றதும் வீட்டில் யாராவது ஒருவர் எம்.சி.ஆர். செருப்பு வாங்கிவந்து தந்துவிடுவார். குதிகால் வலிக்கும், சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த பாதத்துக்கும் அந்த மெத்தென்ற செருப்பு நல்லதுதான். ஆனால் இந்த மூட்டுக்குத் தேவை மெத்தை இல்லை, மடங்காத அடிப்பகுதி. செருப்பு வளைந்தால் விரலும் கூடவே வளையும். கையில் எடுத்து முன்பக்கத்தை மடக்கிப் பாருங்கள். விரல் மூட்டு வரும் இடத்தில் சுலபமாக மடங்கினால், அது எவ்வளவு விலை உயர்ந்த ‘டாக்டர் செருப்பு’ என்றாலும் உங்களுக்கு உதவாது. அடிப்பகுதி கெட்டியாக, முன்னால் சற்றே மேல்நோக்கி வளைந்து, விரல் மடங்காமலே கால் உருண்டு முன்னேறும்படி இருக்க வேண்டும். ஷூ போடுபவர்கள் உள்ளே கார்பன் ஃபைபர் தகடு வைத்துக்கொள்ளலாம். அப்போது ஷூவின் விரல் பகுதி உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் தகடு பாதத்தை உயர்த்த, மேலே இருக்கும் எலும்பு முளை ஷூவில் உரசி வலி கூடும்.

நம் பக்கத்துச் சிக்கல் ஒன்று இதில் இருக்கிறது. வெளிநாட்டு மருத்துவக் குறிப்புகள் ‘கெட்டியான ஷூ போடுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடும். நாமோ வீட்டுக்குள் நாள் முழுக்க வெறுங்காலில் நடக்கிறோம். வாசல்வரை நல்ல செருப்பு போட்டுவிட்டு, உள்ளே எட்டு மணி நேரம் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நின்று சமைத்தால், செருப்பு பலன் தரவில்லை என்ற முடிவுக்கு வருவது நியாயமில்லை. வீட்டுக்குள் போட என்றே கெட்டியான செருப்பு ஒரு ஜோடி வைத்துக்கொண்டு, சில மாதமாவது விடாமல் போட்டுப் பார்த்த பிறகுதான் ஆபரேஷன் பேச்சை எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதேபோல் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலில் சுற்றிவிட்டு, மறுநாள் வலியோடு முடிவெடுக்காதீர்கள். சாதாரண வாரத்தில், சாதாரண வேலையில் எவ்வளவு வலிக்கிறது என்பதுதான் கணக்கு.

எக்ஸ்ரேயைப் பார்த்துப் பயந்துவிடுவதும் சகஜம். படத்தில் மூட்டு இடைவெளியே காணாமல் போனவர் நிம்மதியாக நடப்பார். லேசான தேய்மானம் உள்ளவர் நொண்டுவார். ஆபரேஷன் வலிக்குத்தான், படத்துக்கு இல்லை. இப்போது செய்யாவிட்டால் பிறகு முடியாது என்று அவசரப்படவும் வேண்டாம். தள்ளிப்போட்டால் முதல் வகை ஆபரேஷனுக்கான வாய்ப்பு சிலருக்குக் குறையலாம். இரண்டாவது வகை எப்போதும் கைவசம் இருக்கும்.

சரி, அந்த இரண்டு வகை என்ன? முதலாவது கைலெக்டமி. மேல்விளிம்பில் முளைத்த எலும்பையும், மூட்டின் மேல்பக்கத்தில் ஏறக்குறைய கால்பங்கையும் செதுக்கி எடுத்து, விரல் மேலே மடங்க வழிவிடுவார்கள். இரண்டாவது ஃப்யூஷன். மிச்சமிருக்கும் குருத்தெலும்பைச் சுரண்டிவிட்டு, இரண்டு எலும்பையும் தகடும் ஸ்குருவும் போட்டு ஒன்றாக ஒட்டவைப்பார்கள்.

எது பொருந்தும் என்பதற்கு நீங்களே ஒரு குறிப்பைக் கவனிக்கலாம். விரலைக் கையால் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். முழுக்க மேலே போகும் கடைசிக் கட்டத்தில் மட்டும் வலி, அப்புறம் ஷூ உரசும் இடத்தில் வலி என்றால் கைலெக்டமி பலன் தர வாய்ப்பு அதிகம். நடுவிலேயே, எந்த அசைவிலும் வலி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வலி என்றால் மூட்டு முழுக்கத் தேய்ந்திருக்கிறது. முளையை மட்டும் செதுக்கினால் வலி உள்ளேயே இருக்கும். ‘சின்ன ஆபரேஷன் போதும்’ என்று நோயாளியே வற்புறுத்தி இந்த இடத்தில் கைலெக்டமி செய்துகொள்வதுண்டு. பிறகு ஃப்யூஷனுக்கு மாறலாம்தான், ஆனால் இரண்டு முறை மேஜையில் படுக்க வேண்டும்.

ஃப்யூஷன் என்றதும் ‘விரலே மடங்காதா’ என்று பதறுகிறார்கள். பாதி மடங்காத விரல்தானே ஏற்கெனவே இருக்கிறது? நகத்துக்குக் கீழே உள்ள சிறிய மூட்டு அசைந்துகொண்டுதான் இருக்கும். பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் எலும்பு ஒட்டிவிடுகிறது, வலி போகிறது, நீண்ட தூரம் நடக்கிறார்கள். ஆனால் இழப்பு எது என்பதை மருத்துவரிடம் உங்கள் வாழ்க்கையை வைத்துக் கேளுங்கள். குதிகால் தரையில் பதிய உட்காரும் வழக்கம் உள்ளவருக்கு இந்தியன் டாய்லெட் பெரும்பாலும் சிக்கல் இல்லை. முன்பாதத்தில் குந்தி கோலம் போடுபவர், தொழுகையில் வலது கால் விரல்களை மடக்கி ஊன்றி உட்காருபவர், தினமும் சூரிய நமஸ்காரம் செய்பவர், ஹீல்ஸ் போடுபவர், இவர்களுக்கெல்லாம் மாற்றம் தெரியும். விரலை எந்தக் கோணத்தில் ஒட்டவைப்பது என்பதை ஆபரேஷனுக்கு முன்னால்தான் பேச முடியும்.

‘அசைவும் வேண்டும், வலியும் போக வேண்டும்’ என்ற ஆசையில் செயற்கை மூட்டு பக்கம் போவோருக்கு ஒரு தகவல். கார்ட்டிவா என்ற செயற்கைக் குருத்தெலும்புக்கு, மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-ல் அனுமதி தந்தது. எதிர்பார்த்ததைவிட அதிகமானோருக்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டதால் 2024-ல் தயாரிப்பாளரே அதைத் திரும்பப் பெற்றார். முழங்கால், இடுப்புக்குச் செயற்கை மூட்டு நன்றாக வேலை செய்கிறது என்பதால் கட்டைவிரலுக்கும் அப்படியே என்று நினைக்க முடியாது.

மூட்டுக்குள் போடும் கார்ட்டிசோன் (வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு) ஊசியைப் பற்றிச் சுருக்கமாக: சில வாரம், சில மாதம் நிவாரணம் தரலாம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். ஊசி போட்ட கையோடு ஆபரேஷன் செய்தால் தொற்று அபாயம் கூடும் என்பதால் இடைவெளி விடுவார்கள். எப்போது போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக, குணமாகும் காலத்தைக் குறைத்துக் கணக்கிடுவது. தையல் பிரிக்க இரண்டு வாரம்தான். ஆனால் ஃப்யூஷன் என்றால் எலும்பு ஒட்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரம். அதுவரை கெட்டியான பிரத்யேகச் செருப்பில், பெரும்பாலும் குதிகாலில் எடை போட்டு நடப்பது. வீக்கம் முழுக்க வடிய ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம். புகைபிடிப்பவருக்கு எலும்பு ஒட்டாமல் போகும் அபாயம் அதிகம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குத் தொற்றும் சேர்ந்துகொள்ளும். இவற்றைச் சரிசெய்யாமல் தேதி குறிக்கக் கூடாது. வலது கால் என்றால் அத்தனை வாரமும் கார் ஓட்ட முடியாது. இடது கால் என்றால் கியர் பைக்கை மறந்துவிடுங்கள். கியர் லீவரைத் தூக்குவது அந்தக் கட்டைவிரல்தான். வேலைக்கு எப்படிப் போவது, வீட்டில் தண்ணீர்க் குடத்தை யார் தூக்குவது என்பதையெல்லாம் தேதிக்கு முன்பே பேசிவிடுங்கள். இரண்டு காலிலும் தேய்மானம் இருந்தால், ஊன்ற ஒரு காலாவது வேண்டும் என்பதால் ஒரு கால் தேறிய பிறகு அடுத்த காலைப் பார்ப்பதே வசதி.