மருத்துவ ஆராய்ச்சிக்கு நன்கொடை தரப் போகிறீர்களா?

மருத்துவ ஆராய்ச்சிக்கும் மருத்துவக் கல்விக்கும் உதவும் அறக்கட்டளைக்கு மொத்தமாக ஒரு தடவை கொடுப்பதைவிட, மாதாமாதம் சிறு தொகை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி செய்துவிடுங்கள். ஓர் ஆய்வு முடியப் பல வருடம் ஆகும். அடுத்த வருடமும் பணம் வரும் என்று தெரிந்தால்தான் ஆய்வு மாணவர் ஒருவருக்குத் துணிந்து உதவித்தொகை அறிவிக்க முடியும்.

படிவத்தில் எந்த நோக்கத்துக்கு என்று கேட்டிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். குறிப்பிட்ட நோயின் பெயரை எழுதினால் பொதுவாக அதற்கு மட்டுமே செலவிடுவார்கள். அப்படி ஒன்று மனதில் இல்லையென்றால் ‘பொது நிதி’ என்று எழுதுவதே நல்லது என்பேன்.

வேலை பார்க்கும் இடத்திலும் கேட்டுப் பாருங்கள். ஊழியர் கொடுக்கும் அளவுக்குத் தாங்களும் சேர்த்துக் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. உயிலில் எழுதுவதானால் அறக்கட்டளையின் பதிவுப் பெயர், பதிவு எண் இரண்டையும் அப்படியே எழுதுங்கள். ஒரே மாதிரிப் பெயர்கள் நிறைய இருக்கும்.

அப்புறம், பணமே தேவைப்படாத உடல் தானமும் இருக்கிறது. மருத்துவ மாணவர்கள் உடற்கூறு கற்க அப்படி வரும் உடல்கள் உதவுகின்றன. கையெழுத்துப் போட்டதோடு விடாமல் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். இறந்தபின் உடல் மருத்துவக் கல்லூரிக்குச் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். பிரேதப் பரிசோதனை செய்த உடலைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள்.