பந்து காலுக்கு வருமுன்பே நடந்துவிடும் தவறுகள்

நான் பயிற்சி கொடுத்த கால்பந்துக் குழுவில் ஒரு பையன் இருந்தான். பந்தைத் தரையில் விடாமல் நூறு தடவைக்கு மேல் தட்டுவான். தொடை, தலை, தோள் என்று எதில் வேண்டுமானாலும் ஏந்துவான். மற்ற பையன்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். மேட்ச் தொடங்கியதும் கதை மாறிவிடும். அவனுக்கு வரும் மூன்று பாஸில் ஒன்று காலில் பட்டு 2 மீட்டர் தள்ளிப் போகும். எதிரணிக்காரன் அதைத் தட்டிக்கொண்டு ஓடிவிடுவான். "டச் சரியில்லை" என்று சொல்லி அவனை இன்னும் அதிகமாகத் தட்டச் சொன்னேன். அவன் காலில் ஒரு குறையும் இல்லை என்பது எனக்குப் புரிய ஒரு சீசன் ஆனது.

வரும் பந்தை முதலில் தொட்டு வசப்படுத்தும் ஃபர்ஸ்ட் டச்சைக் காலின் வேலை என்றே பலரும் நினைக்கிறோம். பந்து காலில் படுவது கடைசிக் கட்டம்தான். அது அமைவதும் சொதப்புவதும் பெரும்பாலும் அதற்கு முந்தைய ஒன்றிரண்டு நொடிகளிலேயே முடிவாகிவிடுகிறது.

பந்தை மட்டுமே முறைத்துப் பார்ப்பது

15 மீட்டர் தள்ளியிருப்பவர் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பாஸ் கொடுக்கிறார் என்று வையுங்கள். அது உங்களிடம் வர ஒன்றரை நொடி. அவ்வளவு நேரமும் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றால், அது காலில் பட்ட பிறகுதான் தலை நிமிரும். அப்போதுதான் பக்கத்தில் எதிரணியின் டிஃபெண்டர், அதாவது தடுப்பாட்டக்காரர், ஒருவர் இருப்பது தெரியும். அந்தப் பதற்றத்தில் அடுத்த டச் எங்கேயோ போகும். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இது 'கால் சரியில்லை' என்று தெரியும். உண்மையில் பந்தை வாங்கியவர் சுற்றிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நார்வே ஆய்வாளர் கெய்ர் ஜோர்டெட், இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களின் தலை எத்தனை தடவை திரும்புகிறது என்று வீடியோ வைத்தே எண்ணினார். பந்து வருவதற்கு முன் அதிகமாகச் சுற்றிப் பார்த்தவர்களின் பாஸ்கள்தான் அதிகமாகச் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தன. ஸ்பெயினின் நடுக்கள ஆட்டக்காரர் ஷாவி ஆடிய மேட்ச் ஏதாவது கிடைத்தால், பந்தை விட்டுவிட்டு அவர் கழுத்தை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். ஓயவே ஓயாது.

ஆனால் "சுத்திப் பார், சுத்திப் பார்" என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதால் மட்டும் இது வந்துவிடாது. எப்போது பார்ப்பது என்று சொல்லித்தர வேண்டும். ஒருவர் பந்தைத் தொடும் கணத்தில்தான் அதன் திசை மாறும். ஆகவே அந்தக் கணத்தில் கண் பந்தின் மேல் இருக்க வேண்டும். பந்து இரண்டு பேருக்கு நடுவே உருண்டுகொண்டிருக்கும்போது திசை பெரும்பாலும் மாறாது. தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்க அதுதான் நேரம். அப்புறம் பந்து காலுக்கு வரும்போது மறுபடியும் கண் பந்துக்கு. பந்து வரும் கடைசிக் கணத்தில் பக்கவாட்டில் பார்த்துப் பாதத்துக்கு அடியில் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அது எதிர்ப்பக்கத் தவறு.

பயிற்சியில் நான் செய்வது இது. பந்தை வாங்குபவருக்குப் பின்னால் ஒருவரை நிறுத்தி, விரல்களைக் காட்டச் சொல்வேன். பாஸ் வந்து சேர்வதற்குள் எத்தனை விரல் என்று வாங்குபவர் உரக்கச் சொல்ல வேண்டும். முதல் நாள் எல்லாரும் எண்ணைச் சரியாகச் சொல்லிவிட்டுப் பந்தை விட்டுவிடுவார்கள். ஒன்றும் பயப்பட வேண்டாம். இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

குதிகாலில் நின்று காத்திருப்பது, தவறான காலில் வாங்குவது

பந்து வருகிறது என்று தெரிந்ததும் பலர் சிலைபோல் நின்றுவிடுகிறார்கள். எடை முழுவதும் குதிகாலில். பந்து ஓர் அடி விலகி வந்தாலும் உடம்பு நகராது, கால் மட்டும் நீளும். நீட்டிய காலால் நல்ல டச் எடுப்பது மகா கஷ்டம். முன்பாதத்தில் நின்று, சின்னச் சின்ன அடியாக நகர்ந்துகொண்டே இருந்தால், பந்து விலகி வந்தாலும் உடம்பே அதன் பின்னால் போய்விடும்.

இதைவிடப் பெரிய தவறு, உடம்பு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதில் நடக்கிறது. உங்கள் இடப்பக்கத்திலிருந்து பாஸ் வருகிறது, வலப்பக்கம் காலி இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ் கொடுப்பவரை நேருக்கு நேராகப் பார்த்து நின்று, அவருக்குப் பக்கத்துக் காலால் பந்தை நிறுத்தினால், வலப்பக்கம் போவதற்கு முதலில் திரும்ப வேண்டும். திரும்புவதற்குள் எதிராளி வந்துவிடுவான். பாதி திரும்பி நின்று, பந்தை உடம்புக்குக் குறுக்கே ஓடவிட்டு, தூரத்துக் காலின் உள்பாதத்தால் வாங்கினால், வாங்குவதும் திரும்புவதும் ஒரே டச்சில் முடிந்துவிடும். சொல்வதற்குச் சின்ன விஷயம். நடுக்களத்தில் ஆடுபவருக்கு இதுதான் பாதி ஆட்டம்.

இதற்கும் விலக்கு உண்டு. முதுகோடு டிஃபெண்டர் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது பந்தைக் குறுக்கே ஓடவிட்டால் அவருக்குத் தானம் கொடுத்த மாதிரிதான். அப்போது பக்கவாட்டில் திரும்பி, உடம்பை நடுவில் வைத்து, அவருக்கு எட்டாத காலால் பந்தைக் காத்துக்கொள்ள வேண்டும். எது எப்போது என்பதை, மேலே சொன்ன அந்தத் தோள் பார்வைதான் சொல்லும்.

கல்லாக நிற்கும் கால், துணியாகத் தொங்கும் கால்

வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும் கையைக் கவனித்திருப்பீர்கள். பந்தோடு சேர்ந்து கொஞ்சம் பின்னால் போகும். வேகம் சற்று அதிக நேரத்தில் குறைந்தால் அடி குறையும், பந்து தெறிக்காது. பாதத்துக்கும் இதே கணக்குதான். முழு அளவுப் பந்தின் எடை 410 முதல் 450 கிராம். அது வேகமாக வந்து அசையாத காலில் மோதினால், சுவரில் பட்டதுபோல் திரும்பித்தான் போகும்.

ஆனால் "காலைத் தளர்வா விடு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக் கெடுத்தவர்களில் நானும் ஒருவன். தரையோடு வரும் பந்துக்குக் கணுக்கால் தொளதொளவென்று இருக்கக் கூடாது; பந்து பட்டதும் பாதம் முறுகி, பந்து நினைக்காத பக்கம் போகும். விரல்கள் சற்று மேல்நோக்கி, கணுக்கால் உறுதியாக, பின்வாங்குவது இடுப்பிலிருந்து முழுக்காலாக இருக்க வேண்டும். எவ்வளவு பின்வாங்குவது என்பதைப் பந்தின் வேகம் முடிவு செய்யும். மெதுவாக வரும் பந்துக்குப் பின்வாங்கவே வேண்டாம். நீங்கள்தான் அதை நோக்கிப் போக வேண்டும். இல்லையென்றால் இடையில் வேறொருவர் போவார்.

பாதம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதே இல்லை. பந்தின் குறுக்களவு சுமார் 22 சென்டிமீட்டர். அதன் நடுப்பகுதியை, அல்லது நடுவுக்கு ஒரு விரல் மேலே, உள்பாதம் சந்திக்க வேண்டும். பாதம் தரையோடு கிடந்தால் பந்து அதன் மேல் ஏறித் துள்ளும். ரொம்பத் தூக்கினால் அடியில் புகுந்து போய்விடும்.

மேலிருந்து விழும் பந்துக்குத்தான் கணுக்கால் தளர்வு வேண்டும். இங்கே நடக்கும் தவறு, பந்தை எதிர்கொள்ளக் காலை உயர்த்தி, அது இன்னும் உயர்ந்துகொண்டிருக்கும்போதே பந்தைத் தொடுவது. அது தொடுதல் இல்லை, உதை. கால் முன்னதாகவே மேலே போய், பந்து படும் கணத்தில் அதோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். கையால் தலை உயரத்துக்குத் தூக்கிப் போட்டு இறக்கிப் பழகலாம், பிறகு உயரத்தைக் கூட்டலாம். தொடையில் வாங்கினால் முழங்காலுக்குப் பக்கத்தில் வேண்டாம், அங்கே எலும்பு. நடுத்தொடைச் சதையில் வாங்குங்கள். நெஞ்சில் வாங்கும்போது மூச்சை வெளியே விட்டால் பந்து அவ்வளவாகத் தெறிக்காது.

எல்லாப் பந்தையும் காலடியில் நிறுத்துவது

'பந்தை ஸ்டாப் பண்ணு' என்றே நம்மில் பலரும் கற்றுக்கொண்டோம். அந்தச் சொல்லிலேயே கோளாறு இருக்கிறது. காலடியில் செத்து நிற்கும் பந்தை மறுபடி உயிர்ப்பிக்க இன்னொரு டச் வேண்டும். அதற்குள் உங்களைச் சுற்றி ஆள் சேர்ந்துவிடும். பெரும்பாலான நேரம், அடுத்து எங்கே போகப் போகிறீர்களோ அந்தப் பக்கம் முதல் டச்சே பந்தைக் கொண்டுபோக வேண்டும். நெருக்கத்தில் என்றால் ஓர் அடி தூரம். முன்னால் திறந்த வெளி என்றால் மூன்று நான்கு மீட்டர் தள்ளினாலும் தப்பில்லை. அங்கேயும் குட்டிக் குட்டியாகத் தட்டிக்கொண்டு ஓடி வேகத்தை இழப்பவர்கள் உண்டு.

அதற்காக நிறுத்துவதே தவறு என்று ஆகிவிடாது. 1998 உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக நெதர்லாந்தின் டென்னிஸ் பெர்க்காம்ப் அடித்த கடைசி நேர கோல் நினைவிருக்கலாம். ஃபிராங்க் டி போயர் தங்கள் பாதியிலிருந்து அனுப்பிய நீண்ட பந்தை ஓட்டத்திலேயே காலை நீட்டி ஆகாயத்தில் வாங்கி, காலடியில் இறக்கினார். வேகமாக ஓடி வந்த அர்ஜென்டினா டிஃபெண்டர் அயாலாவால் சட்டென்று நிற்க முடியவில்லை. இரண்டாவது டச் அவரைக் கடந்தது, மூன்றாவது வலைக்குள். மூன்றும் வலது கால். அங்கே பந்தை நிறுத்தியதுதான் டிஃபெண்டரை ஏமாற்றியது. யோசித்து நிறுத்துவது வேறு, பழக்கத்தில் நிறுத்துவது வேறு.

பயிற்சியே கெடுக்கும் இடங்கள்

ஒரே ஒரு பந்தை வைத்துக்கொண்டு வரிசையில் பன்னிரண்டு பேரை நிறுத்தினால், ஒரு மணி நேரத்தில் ஒருவர் பந்தைத் தொடுவது எத்தனை தடவை? மீதி நேரம் வரிசையில் அரட்டைதான். கிடைக்கும் பாஸும் மெதுவாக, நேராக, எதிராளியே இல்லாமல் வரும். மேட்சில் அப்படி ஒரு பந்து வருவதே அபூர்வம். பந்தைத் தரையில் விடாமல் தட்டும் ஜக்லிங்கும் இதே கதைதான். பந்தின் உணர்வு காலுக்குப் பழக நல்லது. ஆனால் பந்து நேர் மேலே போய் நேர் கீழே வருகிறது. பக்கவாட்டிலிருந்து ஆள் பாய்வதில்லை. அதில் கெட்டிக்காரனாகி அதோடு நின்றுவிடலாம், எங்கள் பையன் நின்றதுபோல.

தனியாகப் பழக ஒரு சுவர் போதும். ஐந்து மீட்டர் தள்ளி நின்று ஓங்கி அடியுங்கள். திரும்பி வருவதை இடக்காலால் வாங்கி வலப்பக்கம், வலக்காலால் வாங்கி இடப்பக்கம் என்று ஒவ்வொரு டச்சுக்கும் ஒரு திசை கொடுங்கள். பழக்கமில்லாத கால் எரிச்சலூட்டும். அதற்குத்தான் அதிகம் கொடுக்க வேண்டும்.

குழுப் பயிற்சியில் இன்னொரு மோகம், எதற்கெடுத்தாலும் 'ஒன் டச்' விதி. வட்டமாக நின்று, நடுவில் இருப்பவருக்குச் சிக்காமல் பாஸ் கொடுத்துக்கொள்ளும் ரோண்டோ பயிற்சியில் ஒரே டச்தான் என்று கட்டாயமாக்கினால் பார்வை கூர்மையாகும், சரி. ஆனால் பந்தை வாங்கி வைக்கும் அந்த முதல் டச்சையே யாரும் எடுக்க மாட்டார்கள். முதல் டச் வளர வேண்டுமென்றால் இரண்டு டச் கட்டாயம் என்று மாற்றிப் பாருங்கள்.

பந்தையும் பாருங்கள். விதிப்படி காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம் வரை. பாதி காற்று போன பந்து எல்லாத் தவறையும் மன்னிக்கும். மேட்ச் பந்து மன்னிக்காது. எட்டு வயதுக் குழந்தைக்குப் பெரியவர்கள் ஆடும் முழு அளவு 5ஆம் எண் பந்தைக் கொடுப்பதும் அதே ரகம். கோல்கீப்பர்களை இந்தப் பயிற்சியிலிருந்து தள்ளி வைக்கும் வழக்கம் வேறு. சகஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தை அவர்கள் கையால் எடுக்கக் கூடாது என்று 1992இலேயே விதி வந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. டச் கெட்டதும் வாங்கியவரைத்தான் திட்டுகிறோம். முழங்கால் உயரத்தில் குதித்துக்கொண்டு, தவறான காலுக்கு, டிஃபெண்டர் நிற்கும் பக்கத்தில் பந்தைக் கொடுத்தவர் தப்பித்துவிடுகிறார்.

எங்கள் பையனுக்கு விரல் எண்ணும் பயிற்சி இரண்டு மாதம் நடந்தது. ஒரு மேட்சில் முதுகைக் காட்டி நின்று பாஸ் கேட்டவன், பந்து வந்துகொண்டிருக்கும்போதே "ரெண்டு" என்று வாய்விட்டுச் சொன்னான். பின்னால் யாரும் விரல் காட்டவில்லை. டிஃபெண்டர்கள் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டான்.