வயல் ஓவியத்தில் முதலில் பயிரைப் பாருங்கள்

சித்திரப் பாடத்தில் வயல்வெளி ஓவியம் ஒன்றைக் கொடுத்து இரசனைக் குறிப்பு எழுதச் சொன்னால், பிள்ளைகள் பலர் "அழகான இயற்கைக் காட்சி" என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வயலைப் பார்த்து வளர்ந்தவர்களால் இதைவிட எவ்வளவோ சொல்ல முடியும்.

முதலில் பயிரின் நிலை. இளம் பச்சையா, கதிர் முற்றிய மஞ்சளா, அறுத்து முடித்த தாளா? எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையோடு விதைக்கும் பெரும்போகம் மாசி, பங்குனியில் அறுவடைக்கு வரும். ஆகவே நம்மூர் வயல் என்றால் நிறமே காலத்தைச் சொல்லிவிடும். வயலுக்குள் தண்ணீர் நிற்கிறதா, வாய்க்கால் வறண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் மனிதர்கள். 1565இல் பீட்டர் புரூகல் வரைந்த 'அறுவடை செய்வோர்' ஓவியம் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோதுமை வயல் பெரிதாக விரிந்திருந்தாலும், கண் மரத்தடியில் சாப்பிடுபவர்களிடமும் கால் நீட்டி உறங்குபவரிடமும் போய்விடும். வேலையோடு களைப்பையும் வரைந்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். உங்கள் ஓவியத்தில் யார் குனிந்து நிற்கிறார், யார் நிழலில் இருக்கிறார், ஆளே இல்லையா?

தொடுவானம் உயரத்தில் இருந்தால் நிலத்துக்கு முக்கியத்துவம், தாழ்ந்திருந்தால் வானத்துக்கு. தூரத்து மலை நீலமாக மங்குவது ஆழம் காட்டும் உத்தி. நீண்ட நிழல் என்றால் காலை அல்லது மாலை.

எழுதும்போது கண்டதை முதலிலும் உணர்ந்ததைப் பிறகும் எழுதுங்கள். "சோகமாக இருக்கிறது" என்றால், எந்த நிறம், எந்த உருவம் அப்படி நினைக்க வைத்தது என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள்.