தண்டுவடத்தை வரைந்து படிப்பது எப்படி? முதலாண்டு மாணவர்களுக்கான செய்முறை

மதுரையில் நர்சிங், பிசியோதெரபி படிக்கும் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் சொல்லும்போது ஒன்றைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். எலும்புகளையும் தசைகளையும் எளிதாகக் கடந்து வருபவர்கள்கூடத் தண்டுவடத்தின் நரம்புப் பாதைகளுக்கு வந்ததும் தடுமாறிவிடுகிறார்கள். பாதைகளின் பெயர்களை ஒப்பிக்க அவர்களுக்குத் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு பாதையும் எந்த இடத்தில் உடலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடக்கிறது என்று கேட்டால் பதில் வருவதில்லை. அந்த ஒன்று தெரிந்தால்தான், நோயாளியின் எந்தக் காலில் எது குறைந்திருக்கிறது என்பதை வைத்துப் பாதிப்பு எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியும். கோடு போடாத வெள்ளைத்தாள் இரண்டு, ஒரு பென்சில், சிவப்பு, நீலம், பச்சை வண்ணப் பென்சில்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதல் படி: நீளவாக்கில் வரைதல்

முதல் தாளில் மேலிருந்து கீழாக முள்ளெலும்புகளை வரிசையாக வரையுங்கள். கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5, அதன் கீழே திரிகம் (இடுப்பெலும்புகளுக்கு இடையே உள்ள முக்கோண எலும்பு), வாலெலும்பு. இப்போது அவற்றின் நடுவே தண்டுவடத்தை வரையுங்கள். மண்டையோட்டின் அடித்துளையில், மூளையின் அடிப்பகுதியான முகுளத்தின் தொடர்ச்சியாகத் தொடங்கும் அது, வளர்ந்த ஆணுக்கு ஏறத்தாழ 45 செ.மீ. நீளம் வந்து, முதலாம் இடுப்பு முள்ளெலும்பின் (எல்1) கீழ் விளிம்பை ஒட்டி முடிந்துவிடும். பெரும்பாலோர் அதைத் திரிகம் வரை இழுத்துவிடுகிறார்கள். அங்கேதான் பிழை தொடங்குகிறது. எல்1-க்குக் கீழே இருப்பது தண்டுவடம் அன்று, கீழ்நோக்கி நீண்டு செல்லும் நரம்புவேர்களின் கற்றை.

இதை உங்கள் உடலிலேயே சரிபார்க்கலாம். இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைத்து, கட்டைவிரல்களை முதுகின் நடுவே கொண்டு சென்றால், அவை ஏறத்தாழ நான்காம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் சந்திக்கும். மூளைத் தண்டுவடத் திரவத்தை எடுக்க மருத்துவர்கள் ஊசி செலுத்துவது அதற்குச் சற்று மேலோ கீழோதான். அங்கே தண்டுவடம் இல்லாததால் ஊசி அதைக் குத்த வாய்ப்பில்லை. பச்சிளம் குழந்தைக்குத் தண்டுவடம் எல்3 வரைகூட இறங்கியிருக்கும் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பக்கவாட்டில் 31 இணை நரம்புகளை வரையுங்கள்: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, திரிகத்தில் 5, வாலெலும்பில் 1. கழுத்தில் முள்ளெலும்பு ஏழுதான் என்றாலும், முதல் நரம்பு முதல் முள்ளெலும்புக்கு மேலேயே வெளிவந்துவிடுவதால் நரம்பு எட்டாகிறது. கழுத்து நரம்புகளில் 3, 4, 5 ஆகிய சி3, சி4, சி5 மூன்றையும் வட்டமிடுங்கள். மூச்சை உள்ளிழுக்கும் தசையான உதரவிதானத்தை இயக்குபவை இவை. கழுத்தில் அடிபட்டவரைத் தோளையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். கழுத்து அசையாமல் பார்த்துக்கொண்டு 108-ஐ அழைப்பதே சரி.

இரண்டாம் படி: குறுக்குவெட்டு

இரண்டாவது தாளை நிரப்பும் அளவுக்குப் பெரிய நீள்வட்டம் ஒன்றை வரைந்து, மேல்பக்கம் ‘பின்’ என்றும், கீழ்ப்பக்கம் ‘முன்’ என்றும் எழுதுங்கள். நடுவே சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி வடிவில் இருப்பது நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல் பகுதி. அதைச் சுற்றியிருப்பது நரம்பிழைகள் மேலும் கீழும் ஓடும் வெண்பகுதி. பின்கொம்பு உணர்வுகளை ஏற்கிறது, முன்கொம்பிலிருந்து தசைகளுக்கு ஆணை போகிறது. ஓர் இணை நரம்பு கிளம்பும் தண்டுவடத் துண்டைக் கண்டம் என்பார்கள். முதல் மார்புக் கண்டமான டி1 முதல் இரண்டாம் இடுப்புக் கண்டமான எல்2 வரை மட்டும் தன்னியக்க நரம்புகளுக்கான சிறிய பக்கக்கொம்பு உண்டு. பின்வேர் வழியாக உணர்வு உள்ளே வருகிறது, முன்வேர் வழியாக இயக்கம் வெளியே செல்கிறது. பின்வேரில் புடைத்திருக்கும் நரம்பு முடிச்சையும் சேர்த்து வரையுங்கள்.

மூன்றாம் படி: மூன்று பாதைகள்

இந்தப் படியில்தான் அவசரப்படாமல் நேரம் செலவிட வேண்டும். நீல நிறத்தால் வலியும் வெப்பமும் செல்லும் ஸ்பைனோதலாமிக் பாதையை வரையுங்கள். அது பின்வேர் வழியாக நுழைந்து, பின்கொம்பில் அடுத்த நரம்பணுவிடம் செய்தியைக் கொடுக்க, அந்த இரண்டாம் நரம்பணுவின் இழை தண்டுவடத்தின் நடுவே ஓடும் சிறு குழாயான மைய நாளத்துக்கு முன்னால் மறுபக்கம் கடந்து, முன்பக்க வெண்பகுதியில் மூளையின் உள்ளே இருக்கும் தலாமஸ் நோக்கி ஏறுகிறது. நுழைந்த இடத்திலிருந்து ஓரிரு கண்டங்களுக்குள், தண்டுவடத்திலேயே அது கடந்துவிடுகிறது.

பச்சை நிறம் அதிர்வுக்கும், மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வுக்கும். இது பின்கொம்பில் நிற்காமல் நுழைந்த பக்கத்திலேயே பின்புற வெண்பகுதியில் மேலே ஏறி, முகுளத்தில்தான் மறுபக்கம் கடக்கிறது. காலிலிருந்து வருவது நடுக்கோட்டை ஒட்டிய கிராசிலிஸ் என்ற இழைக்கற்றை, கையிலிருந்து வருவது அதற்கு வெளிப்புறமாக உள்ள கியூனியேட்டஸ் கற்றை.

சிவப்பு, மூளையிலிருந்து இறங்கும் கார்ட்டிக்கோஸ்பைனல் பாதை. இதன் இழைகளில் 85 முதல் 90 சதவீதம் முகுளத்தின் கீழ்ப்பகுதியில் கடந்து, பக்க வெண்பகுதி வழியாக இறங்கி முன்கொம்பை அடைகின்றன. ஆக, முகுளத்துக்குக் கீழே சிவப்பும் பச்சையும் தாம் சேவை செய்யும் அதே பக்கத்தில் ஓடுகின்றன, நீலம் மட்டும் எதிர்ப்பக்கத்தில் ஓடுகிறது.

நான்காம் படி: படத்தைச் சோதித்தல்

“சார், வலது கால் அசையல, ஆனா ஊசி குத்துனா இடது கால்லதான் தெரியல. ரெண்டுல எது சார் உண்மை?” என்று வார்டிலிருந்து வந்த ஒரு மாணவி கேட்டார். இரண்டும் உண்மைதான். டி10 மட்டத்தில் வலப்பாதியை மட்டும் பென்சிலால் அடித்துவிட்டுப் பாருங்கள்: வலக்காலுக்குரிய சிவப்பும் பச்சையும் அறுபடுகின்றன, இடக்காலிலிருந்து கடந்து வந்த நீலமும் அங்கேயே அறுபடுகிறது. ஆகவே வலக்காலில் பலமும் அதிர்வுணர்வும் இல்லை. இடக்காலில் பலம் இருக்கிறது, வலி தெரிவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை விளக்கிய பிரவுன்-செக்கார் என்ற மருத்துவரின் பெயரால் இந்த நிலை அழைக்கப்படுகிறது.

அடுத்து, கழுத்து மட்டத்தில் மைய நாளத்தை மட்டும் பெரிதாக்கி வரையுங்கள். கடந்து செல்லும் நீல இழைகள் இருபுறமும் அறுபட, மற்ற இரண்டும் தப்புகின்றன. தோசைக்கல்லில் கை சுட்டுக் கொப்புளம் எழும்பியும் வலி தெரியாதவருக்கு, பஞ்சால் தொட்டால் மட்டும் தெரிகிறது என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கடைசியாக, சோழவந்தான் பக்கத்துத் தோப்பில் தென்னையிலிருந்து விழுந்த ஒருவர் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். உயரத்திலிருந்து விழும்போது அதிகம் நொறுங்குவது டி12, எல்1 முள்ளெலும்புகள். முதல் தாளை எடுத்துப் பாருங்கள். அந்த முள்ளெலும்புகளுக்கு நேரே இருப்பவை தண்டுவடத்தின் கீழ் இடுப்பு, திரிகக் கண்டங்கள். ஆகவே கால்களின் பலத்தோடு சிறுநீர் வெளியேறாமல் தேங்குகிறதா என்பதையும், ஆசனவாயைச் சுற்றிய உணர்வையும் சோதித்தே குறிப்பெழுத வேண்டும். மாணவர்கள் கூச்சப்பட்டு விட்டுவிடும் சோதனை இது. கால் சிறிதும் அசையாதவருக்கும் அந்த இடத்தில் உணர்வு எஞ்சியிருந்தால் தண்டுவடம் முழுமையாகத் துண்டிக்கப்படவில்லை என்று பொருள். அவர் ஓரளவு மீள்வதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.