லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கைக் காணோமா? ஃபார்மேட் செய்யும் முன் இதைப் பாருங்கள்

ராத்திரி வரை ஓடிக்கொண்டிருந்த லேப்டாப், காலையில் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு அசையாமல் நிற்கிறது. உடனே விண்டோஸை மறுபடி போடலாம் என்று பென் டிரைவைத் தேடாதீர்கள். உள்ளே இருக்கும் போட்டோக்களும் ஃபைல்களும் வேண்டுமா வேண்டாமா, அதை முதலில் முடிவு செய்யுங்கள். வேண்டும் என்றால், அவற்றை வெளியே எடுக்கும் வரை அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதக் கூடாது.

அடுத்தது காது. பழைய 2.5 அங்குல டிஸ்க் என்றால் உள்ளே தட்டு சுழலும். ஆன் செய்து லேப்டாப்பின் அடியில் உள்ளங்கையை வைத்தால் லேசான அதிர்வு தெரியும். அதற்குப் பதிலாக 'டக்... டக்... டக்' என்று ஒரே சீராகத் தட்டுகிறதா, அப்போதே அணைத்துவிடுங்கள். படிக்கிற ஹெட் தன் தடத்தைப் பிடிக்க முடியாமல் திண்டாடுகிறது என்று அர்த்தம், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தட்டில் கீறல் விழ வாய்ப்பு உண்டு. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொண்டு மிச்சமிருப்பதும் போகும். இந்த நிலையில் டேட்டா ரெக்கவரி செய்கிறவர்களிடம் கொடுப்பது தவிர வீட்டில் செய்ய எதுவும் இல்லை. எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) என்றால் சத்தமே வராது, நேராக பயாஸுக்கு, அதாவது விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரைக்குப் போகலாம்.

ஆன் செய்த கையோடு எஃப்2 (சில மாடல்களில் எஃப்10 அல்லது டெலீட்) விசையை விடாமல் தட்டினால் பயாஸ் திறக்கும். ஸ்டோரேஜ் பகுதியில் டிஸ்க்கின் பெயரும் அளவும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் விண்டோஸைக் குறை சொல்லிப் பயனில்லை. கேபிள், மதர்போர்டு, டிஸ்க் மூன்றில் ஒன்றில்தான் கோளாறு.

என் அனுபவத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான். பல லேப்டாப்களில் டிஸ்க்கையும் போர்டையும் இணைப்பது காகிதம் மாதிரி மெல்லிய ஒரு ரிப்பன் கேபிள். அக்கா மகனின் லேப்டாப் மூடியைக் கொஞ்சம் அழுத்தித் திறந்தாலே டிஸ்க் காணாமல் போகும், மறுபடி ஆன் செய்தால் வந்துவிடும். சார்ஜரைக் கழற்றி, அடி மூடியைத் திறந்து, பேட்டரி கனெக்டரை எடுத்துவிட்டுப் பார்த்தால், ரிப்பன் மடங்கும் இடத்தில் நகம் பட்ட மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. கழற்றி மாட்டியதும் வேலை செய்தது, இரண்டே மாதத்தில் பழைய கதை. அப்புறம் கேபிளையே மாற்றினோம், இன்று வரை ஓடுகிறது. இப்படி விட்டு விட்டு வருகிற டிஸ்க் என்றால், வருகிற நேரத்தில் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு சி7 என்ற வரியைப் பாருங்கள், டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே தகவல் போகும்போது வந்த பிழைகளின் எண்ணிக்கை அது. அந்த எண் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான்.

கேபிளும் சரி என்றால் டிஸ்க்கைக் கழற்றி ஒரு யுஎஸ்பி எக்ஸ்டர்னல் கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகுங்கள். அங்கே வந்துவிட்டால் டிஸ்க் தப்பித்தது. புதிதாக வாங்கிய எம்.2 எஸ்எஸ்டி (போர்டில் நேராகச் செருகும் சின்னப் பட்டை) தெரியவில்லை என்றால் அது போர்டோடு பேசும் முறை சாட்டாவா என்விஎம்இயா என்று பாருங்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் சில ஸ்லாட்டுகள் ஒன்றை மட்டுமே ஏற்கும்.

சரி, பயாஸில் தெரிகிறது, விண்டோஸ் இன்ஸ்டாலரில் மட்டும் இல்லை என்றால்? இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த லேப்டாப்களில் இது அடிக்கடி நடக்கும், டிஸ்க்கை இன்டெலின் கட்டுப்பாட்டில் வைக்கும் விஎம்டி என்ற பயாஸ் அமைப்புதான் காரணம். இன்ஸ்டாலரில் 'லோட் டிரைவர்' கொடுத்து, அதற்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைக் காட்டினால் டிஸ்க் வந்து நிற்கும். ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கில் விஎம்டியை அணைத்து விளையாடாதீர்கள். நீலத் திரை வரும், பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயும் கேட்கும்.

யுஎஸ்பி கேஸில் போட்டு வெளியே செருகிப் பார்க்கும்போது விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் 'இனிஷியலைஸ்' செய்யட்டுமா என்று கேட்கும், இல்லாவிட்டால் ஃபார்மேட் செய்யட்டுமா என்று. இரண்டுக்கும் கேன்சல்தான். டிரைவ் எழுத்து (D:, E: மாதிரி) மட்டும் இல்லை என்றால் ஒன்றைக் கொடுங்கள், வேலை முடிந்தது. ரா என்று, அதாவது உள்ளே இருக்கும் ஃபைல் அமைப்பு விண்டோஸுக்குப் புரியவில்லை என்று காட்டினால், முன் சொன்ன கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் கெட்ட இடங்களைச் சொல்லும் 05, சி5, சி6 வரிகளைப் பாருங்கள். சி5-இல் பூஜ்யத்தைத் தாண்டி ஏதாவது இருந்தால் விண்டோஸின் டிஸ்க் பிழை திருத்தியான செக்டிஸ்க்கை ஓட்டக் கூடாது, அது சாகக் கிடக்கும் டிஸ்க்கை ஓட ஓட விரட்டுகிற வேலை. உபுண்டு (லினக்ஸ்) பென் டிரைவில் பூட் செய்து, கெட்டுப்போகும் டிஸ்க்கைப் பிரதி எடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற கருவி வழியாக வேறொரு பெரிய டிஸ்க்குக்கு முழுப் பிரதி எடுங்கள். நன்றாகப் படிக்க முடிகிற இடங்களை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்கு அது கடைசியில்தான் போகும். எதுவரை எடுத்தது என்று குறித்து வைக்கும் மேப் ஃபைல் கொடுத்திருந்தால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அப்புறம் ஃபைல்களை மீட்கும் முயற்சியெல்லாம் அந்தப் பிரதியில்தான்.

கடையில் கொடுப்பதாக இருந்தால், 'ஃபார்மேட் செய்யக் கூடாது, டேட்டா வேண்டும்' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பையனுக்குப் போய்ச் சேராது.