ரோடியோ ஷாப்ஸ்: தைக்கும்போதே பறக்க வைக்க வேண்டும்

ஷாப்ஸ் என்பது ஜீன்ஸுக்கு மேல் கட்டும் தோல் கால்கவசம். பண்ணையில் மாடு மேய்க்கும் கவ்பாய் அதைப் போடுவது முள்ளும் புதரும் காலைக் கிழிக்காமல் இருக்க. ரோடியோ என்ற கவ்பாய் வீரவிளையாட்டில் காளை மீதோ அடங்காத குதிரை மீதோ ஏறுகிறவர் போடுவது வேறு கணக்கு. 8 விநாடி தாக்குப்பிடித்தால் 100 மதிப்பெண்ணுக்குப் போடுவார்கள், அதில் பாதி வீரருக்கு, பாதி மிருகத்துக்கு. ஷாப்ஸுக்கென்று தனி மதிப்பெண் கிடையாது. ஆனால் காலின் ஒவ்வொரு வீச்சையும் பெரிதாக்கிக் காட்டுவது அதுதான். அதனால் தோல் வாங்குவதிலிருந்து கடைசி முடிச்சு வரை ஒரே கேள்வி: இது பறக்குமா?

மாடல் என்றால் பேட்விங்தான். வெளிப்பக்கம் இறக்கை மாதிரி அகலமாக விரிந்து, தொடையின் பின்புறம் மட்டும் வாரால் கட்டி, முழங்காலுக்குக் கீழே திறந்தே இருக்கும். குழாய் மாதிரி கால் முழுக்க மூடும் ஷாட்கன் மாடல் குளிருக்கு நல்லது, இதற்கு உதவாது.

அளவை ஜீன்ஸும் பூட்ஸும் போட்ட நிலையில்தான் எடுக்க வேண்டும். பெல்ட் உட்காரும் இடத்தில் சுற்றளவு (ஜீன்ஸ் இடுப்பைவிடக் கொஞ்சம் கீழே இறங்கித்தான் உட்காரும்), தொடையின் பருமனான இடம், உள்கால் நீளம், இடுப்பிலிருந்து பூட்ஸ் குதிகால் வரை வெளிநீளம். தொடை அளவை உட்கார்ந்த நிலையில் இன்னொரு முறை எடுங்கள், நின்றால் வரும் அளவும் உட்கார்ந்தால் வரும் அளவும் ஒன்றில்லை.

அமெரிக்கத் தோல் கடைகளில் தடிமனை அவுன்ஸில் சொல்வார்கள், 1 அவுன்ஸ் என்றால் சுமார் 0.4 மில்லிமீட்டர். காலை மூடும் பாகத்துக்குக் குரோமில் பதனிட்ட மாட்டுத்தோல், 3 முதல் 4 அவுன்ஸ் போதும். பண்ணை வேலைக்கு அதைவிடத் தடித்த தோல் எடுப்பார்கள், அந்தக் கனம் இங்கே வந்தால் தோல் காலோடு ஒட்டிக்கொண்டு சும்மா தொங்கும். அரைத்தோல், அதாவது ஒரு மாட்டின் ஒரு பக்கம், சுமார் 20 முதல் 25 சதுர அடி இருக்கும். காலுக்கு ஒன்று என்று இரண்டு வாங்கிவிட்டால் இழுபறி இல்லை. பெல்ட்டுக்கும் அதன் கீழே வரும் மேல்பட்டைக்கும் மட்டும் தாவரச் சாறில் பதனிட்ட தடித்த தோல், 7 அல்லது 8 அவுன்ஸ்.

பிரவுன் பேப்பரில் ஒரு காலுக்கு மாதிரி வெட்டுங்கள், இரண்டாவது காலுக்கு அதையே புரட்டிப் போட்டு வரையுங்கள். புரட்ட மறந்தால் இரண்டும் இடது காலாக வந்து நிற்கும், போன தோல் போனதுதான். முதுகுப் பக்கத் தோல் இழுபடாது, வயிற்றுப் பக்கம் இழுபடும். அதனால் பெல்ட், வார், ஓரத்தில் இழை இழையாக ஆடும் தொங்கல் எல்லாம் முதுகெலும்பை ஒட்டிய நீளவாக்கில், வயிற்றுப் பக்கம் ஓரத்து ஒட்டு வேலைக்கு.

அப்புறம் அலங்காரம். பளபளக்கும் ஃபாயில் தோலில் நட்சத்திரம், தீச்சுடர், வீரரின் பெயரின் முதல் எழுத்துகள் என்று வெட்டி ஒட்டித் தைப்பதுதான் வழக்கம். அரங்கின் கடைசி வரிசையிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதால் நுணுக்கம் வேண்டாம், பெரிய உருவம், எதிரெதிர் நிறம். ஃபாயில் தோலில் குண்டூசி குத்தாதீர்கள், துளை மறையாது. ரப்பர் சொல்யூஷனை இரு பக்கமும் மெல்லத் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் ஒரே தடவையில் சரியாக வைத்து அழுத்துங்கள். ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி தையல், அங்குலத்துக்கு 6 அல்லது 7. கூர்முனைகளில் நெருக்கித் தைத்தால் தோல் அஞ்சல் தலை மாதிரி கிழிந்து வரும், எனவே முனையில் ஒரே துளையோடு திரும்பிவிடுங்கள். உள்தொடையில் எதையும் ஒட்ட வேண்டாம். சேணம் போட்ட குதிரை ஏறுகிறவர்கள் பிடிமானத்துக்காக அங்கே ரோசின் என்ற ஒட்டும் பிசினைத் தேய்ப்பார்கள், பளபளப்பு இருந்தால் வழுக்கும்.

என்னைக் கேட்டால் ஷாப்ஸின் உயிர் தொங்கலில்தான் இருக்கிறது. 6 அங்குல அகலத்தில் நீளமான பட்டை எடுத்து, மேலே அரை அங்குலம் தையலுக்கு விட்டுவிட்டு, மீதியைக் கால் அங்குல இழைகளாக வெட்டுங்கள். இரும்பு ஸ்கேலை வைத்து ரோட்டரி கட்டரை ஒரே இழுப்பில் கொண்டுவர வேண்டும், நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு சிறு பல் நிற்கும், பிறகு அங்கேதான் இழை அறும். வெட்டு முடியும் எல்லைக்கோட்டை முதலிலேயே வெள்ளிப் பேனாவால் தோலின் உட்புறம் போட்டுக்கொள்ளுங்கள். இறக்கையின் வளைவில் தைக்கும்போது மேலே வெட்டாமல் விட்ட அந்த அரை அங்குலப் பட்டை சுருங்கி மடியும், அங்கங்கே சின்ன முக்கோணமாக வெட்டி எடுத்தால் படிந்துவிடும். கால் பாகத்துக்கும் மேலே வரும் ஓரப்பட்டைக்கும் நடுவில் தொங்கலை வைத்து மூன்றையும் சேர்த்துத் தையுங்கள். அடிப்பகுதியில் மட்டும் இழையைக் குட்டையாக விடுங்கள், பூட்ஸ் குதிகாலில் மாட்டும் ஸ்பர் முள்ளில் சிக்கக் கூடாது.

பெல்ட்டிலும் மேல்பட்டையிலும் பூவேலை செய்ய விரும்பினால் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து ஷெரிடன் ஊரின் பாணியைப் பாருங்கள், டான் கிங் என்ற சேணக் கலைஞரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது, சுழலும் கொடிக்குள் காட்டு ரோஜா. தோலை நனைத்து, மேல்பரப்பு வெளிறத் தொடங்கும்போது கோடு கீறி, கொட்டாப்புளியால் அச்சைத் தட்ட வேண்டும். ரொம்ப ஈரமாக இருந்தால் அச்சு நிற்காது. முதல் முறை செய்பவர்கள் இதை விட்டுவிட்டு காஞ்சோ என்ற வட்டமான அலங்கார உலோக வில்லைகளை வைத்துக்கொள்ளலாம், தவறில்லை.

முன்பக்கம் இரண்டு காலையும் இணைப்பது மெல்லிய தோல் கயிறு ஒன்று மட்டுமே. அங்கே அழகுக்காகக்கூட பக்கிள் போடாதீர்கள். எங்காவது மாட்டிக்கொண்டால் அந்தக் கயிறு அறுந்து ஆள் தப்ப வேண்டும், அதற்காகவே அது பலவீனமாக இருக்கிறது. பக்கிள் எல்லாம் முதுகுப் பக்கம்.

முடிந்ததும் வீரரை ஒரு பீப்பாய் மேல் உட்கார வைத்து முழங்காலை மடக்கி வீசச் சொல்லுங்கள். தொடை வார் இறுக்கினால் ஒரு துளை தளர்த்துங்கள். எடுத்து வைக்கும்போது மடிக்க வேண்டாம், ஃபாயில் மடிப்பில் வெடித்துவிடும். பெல்ட்டைப் பிடித்து ஆணியில் தொங்கவிட்டாலே போதும்.